பழைய விளையாட்டுக் கருவிகளும் வன்னியின் ஓர் ஆட்டக்காரரும்

விளையாட்டு என்பது வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தமிழ் மரபுக்கு உடன்பாடான கருத்தன்று. உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நான்கு நிலைக்களன்களைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக விளையாட்டினை வைத்தார். ஒல்லாந்து நாட்டு வரலாற்றறிஞரான ஜொஹான் ஹொய்சிங்கா, 1938இல் வெளிவந்த தமது ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டு பண்பாட்டினும் மூத்தது என்றும் அதனூடாகவே பண்பாடு உருப்பெற்றது என்றும் வாதிட்டார். கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் தாயமும் போளையும் ஆடிவந்த சமூகத்தவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஒரு சமூகம் எவற்றை அஞ்சியது, எவற்றை விரும்பியது என்பனவற்றை அதன் இலக்கியங்கள் கூறுவதுபோலவே அதன் விளையாட்டுக்களும் கூறும்.

எனினும், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்படும் வீடியோ விளையாட்டுக்களை இக்கண்கொண்டு நோக்கும் வழக்கம் தமிழ்க் கல்வியுலகில் இன்னும் வேரூன்றவில்லை. அவை சிறுவரைக் கெடுப்பன என்ற தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுகின்றது. இத்தகைய வீட்டுக் கருவிகளுள் முதலாவதான ‘ஒடிசி’ 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வித்திட்ட ரால்ஃப் பேயர், யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1938இல் நாற்சி ஜேர்மனியிலிருந்து குடும்பத்தாருடன் தப்பி அமெரிக்காவை அடைந்த ஓர் அகதி. அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட இக்கலையின் தொடக்ககால ஆக்கங்கள் இன்று ‘செவ்வியல்’ என்னும் அடைமொழியோடு பேசப்படுகின்றன. 2012இல் நியூயோர்க் நகரின் நவீன கலைக் காட்சியகம், ‘பக்-மான்’, ‘ரெற்றிஸ்’ முதலியன உட்பட 14 ஆட்டங்களைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டமை இம்மாற்றத்துக்கு ஒரு சான்றாகும்.

இவ்வாட்டங்களைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அவற்றோடு வளர்ந்தவர்கள். கிளிநொச்சியிற் கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றை நடத்திவரும் ஒருவரின் கருத்துக்கள் அவர்களுடையவற்றினின்றும் வேறுபட்டவை. அவர் ‘சூப்பர் மாரியோ பிறதேர்ஸ்’ வெளிவந்த 1985ஆம் ஆண்டிலேயே கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிறந்தார். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்கு நாட்டின் மின்சாரம் எட்டவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. 1996இல் அவர் குடும்பம் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கஞ் சென்றது. பள்ளிப் பருவம் முழுவதும் விளக்கொளியிற் கழிந்தது. அதே ஆண்டுகளில் உலகின் பல பாகங்களிலும் அவர் வயதுச் சிறுவர் அறிந்திருந்த மாரியோ என்னும் பெயரை அவர் கேள்விப்பட்டதுமில்லை.

2002இற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னரே அவர் இத்தகைய கருவி ஒன்றைக் கண்ணாற் கண்டார். அது, நின்ரென்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ‘பமிக்கொம்’ கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான நகல். அயலவர் ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. மின்பிறப்பாக்கி இயங்கும் மாலை ஒரு மணித்தியாலமே ஆட்ட நேரம். 17 வயது இளைஞர் எட்டு வயதுச் சிறுவரோடு வரிசையிற் காத்திருந்தார். அக்கருவி 2009ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகளில் எங்கோ விடப்பட்டது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளிவந்தபின் அவர் வவுனியாவில் மின்கருவிகள் திருத்தும் தொழிலைப் பழகினார். யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சியை வந்தடைந்த 2013இல் அங்கே கடை திறந்தார். பழைய விளையாட்டுக் கருவிகளைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியது அதன் பின்னராகும்.

பழைய ஆட்டங்களை நாடுவோர்மேற் சாட்டப்படும் முதற் குற்றம், அவர்கள் ஆட்டத்தை விரும்பவில்லை, தம் இளமையையே விரும்புகின்றனர் என்பதாகும். இக்குற்றச்சாட்டு இவரைச் சாராது. இவருடைய மாமன் மகன் ஒருவர் அதே 1985இற் பிறந்து, கைக்குழந்தையாகவே கனடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். ரொறன்ரோவில் நின்ரென்டோ கருவியோடு வளர்ந்த அவர்க்கு அவ்வாட்டங்களின் இசை கேட்டவுடன் பனிக்காலப் பள்ளி விடுமுறையும் தாயின் சமையல் மணமும் நினைவுக்கு வருகின்றன. கிளிநொச்சிக்காரர்க்கு அவ்விசையோடு இணைந்த இளமை நினைவு எதுவுமில்லை. ஆதலின் ஒருவர் நினைவுகூர்கின்றார், மற்றவர் மதிப்பிடுகின்றார். பழம்பாடலைத் தாலாட்டாகக் கேட்டவனுக்கும் அதனை முதன்முதல் ஏட்டிற் படித்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

அவர் மதிப்பீட்டில் முதலிடம் பெறுவது சிக்கனம். 1977இல் வெளிவந்த அற்றாரிக் கருவியின் செயல் நினைவகம் 128 பைற்று மட்டுமே. இன்றைய தமிழ்க் குறிமுறையில் ஒரு வெண்பாவைச் சேமிப்பதற்கும் அது போதாது. ‘சூப்பர் மாரியோ’வின் உலகம் முழுவதும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது, இன்று கைத்தொலைபேசி எடுக்கும் ஒரே படம் அதனிலும் பன்மடங்கு பெரியது. அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்து மாணவர் ஒருவர் கடைக்கு வந்தபோது, “அண்ணை, இந்தப் படம் ஏன் இவ்வளவு கேவலமாய்க் கிடக்கு?” என்று கேட்டார். கடைக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, வானத்து முகிலையும் நிலத்துப் புதரையும் காட்டினார். இரண்டும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. வெண்மை பூசினால் முகில், பச்சை பூசினாற் புதர். மாணவர் அதனைக் கண்டுகொண்ட பின்னர் அப்படத்தைக் கேவலம் என்று சொல்லவில்லை.

குறைபாடே அழகாக மாறிய பிறிதோர் இடத்தையும் அவர் எடுத்துக்காட்டுவார். தொமொஹிரோ நிஷிக்காடோ 1978இல் நாணயமிட்டு ஆடும் பொறிக்காக ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடேர்ஸ்’ ஆட்டத்தில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். எதிரிகளின் எண்ணிக்கை குறைந்தபோது அவர்களை வரையும் வேலையுங் குறைந்து பொறி விரைவுபெற்றது. அதனை ஆக்கியோர் திருத்தாது விட்டுவிட்டனர். வெற்றி நெருங்குந்தோறும் நெஞ்சத் துடிப்பும் மிகும் அந்த இயல்பைப் பின்வந்த எத்தனையோ ஆட்டங்கள் விரும்பிக் கைக்கொண்டன.

நின்ரென்டோ நிறுவனத்தின் பொறியியலாளர் குன்பேய் யொக்கோய் இதனை ஒரு கொள்கையாகவே வகுத்தார். புதுமை வாடி, யாவர்க்கும் பழகி, மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, அதனை எவரும் எண்ணாத பக்கத்திற் பயன்படுத்துதல் என்பது அதன் சாரம். கணிப்பான்களுக்கெனப் பெருமளவிற் செய்யப்பட்ட திரவப்பளிங்குத் திரையை எடுத்து 1980இற் கையடக்க விளையாட்டாக்கினார். 1989இல் வந்த ‘கேம் பாய்’ கருவிக்கு நிறமும் இல்லை, திரையொளியும் இல்லை. அவ்வாண்டே வெளிவந்த அற்றாரியின் ‘லிங்ஸ்’ கருவிக்கு இரண்டும் இருந்தன. ஆனால் அது 6 பற்றரிகளை ஏறக்குறைய ஐந்து மணித்தியாலத்திற் குடித்துத் தீர்த்தது. கேம் பாயோ 4 பற்றரிகளில் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் ஓடியது. சந்தையில் வென்றது அதுவே.

யொக்கோயின் கொள்கையை அறிந்தபோது கிளிநொச்சிக்காரர் வியப்படையவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்து வன்னி அதனைப் பெயரிடாது கைக்கொண்டிருந்தது. வெற்று ஜாம் போத்தலில் ஒரு சிறு பஞ்சுத் துண்டையும் சில துளி மண்ணெண்ணெயையும் இட்டுச் செய்த விளக்கிற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். பெற்றோலைத் துளியளவு காட்டிக் கிளப்பிய மோட்டார்ச் சைக்கிள் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ தந்த மின்னில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டனர்.

இவ்வொப்புமையைக் கேட்போர், வறுமையே கலைக்குத் தாய் என்னும் முடிவுக்கு விரைந்துவிடுதல் உண்டு. ஆட்டக்காரர் அதனை உறுதியாக மறுக்கின்றார். அவர் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவார்: தட்டுப்பாடு வேறு, கட்டுப்பாடு வேறு. யொக்கோய் தம் எல்லையைத் தாமே தெரிந்தெடுத்தார். நிறத்திரை வேண்டுமாயின் அதனையும் அவர் வாங்கியிருக்கலாம். போத்தல் விளக்கிற் படித்த பிள்ளைக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. தானே ஏற்ற எல்லைக்குள் வெண்பாப் பாடுபவன் கலைஞன்; பிறர் விதித்த எல்லைக்குள் உயிர் பிழைப்பவன் கலைஞனாகவும் இருக்கலாம், ஆயின் அவனுக்கு அவ்வெல்லையை விதித்தோர் அதன்பொருட்டு நன்றி பெறற்பாலர் அல்லர். பழைய ஆட்டங்களைப் போற்றுவதனால் தடைக்காலத்தைப் போற்றியதாகிவிடக் கூடாது என்பதில் அவர் மிக விழிப்பானவர். புகையில் எரிந்த கண்களை விளக்கின் நுட்பம் ஈடுசெய்யாது.

இரண்டாவதாக அவர் நோக்குவது ஆட்டத்தின் நேர்மை. ‘சூப்பர் மாரியோ’வின் முதற்கட்டத்தில் அறிவுறுத்தல் எதுவும் எழுதப்படவில்லை. இடப்புறம் நிற்கும் மாரியோவுக்கு வலப்புறம் வெற்றிடம். ஆகவே கை தானே வலப்புறம் நகர்த்துகின்றது. முதலில் எதிர்ப்படும் சிற்றுருவிற் பட்டால் மரணம். ஆயின் தொடங்கிச் சில கணங்களே ஆகியிருத்தலின் இழப்புச் சிறிது. அடுத்து, பெட்டியிலிருந்து வெளிப்படும் காளான் குழாயொன்றில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கியே வருகின்றது. அஞ்சியவனும் அதனைத் தொட்டு, அது நன்மை தருவதென அறிகின்றான். இது நல்லாசிரியரின் முறை என்பது அவர் துணிபு. எழுத்தறியாத சிறுவரும் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் ஒரே மாலையில் அதனைக் கற்றுக்கொண்டதை அவர் கண்டிருக்கின்றார்.

பழையன யாவும் இவ்வாறு நேர்மையானவை என்று அவர் கூறுவதில்லை. வீட்டு ஆட்டங்களில் வந்த ‘மூன்று உயிர்’ என்னும் வழக்கை அவர் வணிகரின் விதி என்கின்றார். கடைப் பொறியில் ஆட்டக்காரர் விரைவில் இறந்தால்தான் அடுத்த நாணயம் விழும். நாணயப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் அவ்விதியை அப்படியே கொண்டுவந்தது சிந்தனைச் சோம்பல் என்பது அவர் வாதம். ‘கோஸ்ற்ஸ் அன்ட் கொப்லின்ஸ்’ ஆட்டத்தை அரிதின் முயன்று முடித்தவனிடம், உண்மையான முடிவைக் காண இன்னொருமுறை முதலிலிருந்து ஆடவேண்டும் எனக் கூறுவதை ஏமாற்று என்கின்றார். 1982இல் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அவசரமாக ஆக்கப்பட்ட அற்றாரியின் ‘ஈ.ரீ.’ ஆட்டம் விலைபோகாது தேங்கி, அடுத்த ஆண்டு நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பைமேட்டிற் பிற கசெற்றுக்களோடு புதைக்கப்பட்டது. 2014இல் அதனைத் தோண்டியெடுத்தனர். தோண்டியெடுத்தமையால் ஆட்டம் நன்றாகிவிடவில்லை என்பார் அவர். தொன்மை வேறு, தரம் வேறு.

மூன்றாவது கருத்தே அவருடைய தனிக்கருத்து எனத் தகும். அது ஆட்டங்களின் திசை பற்றியது. ‘சூப்பர் மாரியோ’வில் வலப்புறமே செல்லலாம். கடந்த நிலம் திரையின் இடப்புற ஓரத்தில் மறைந்தவுடன் அது மூடிய சுவராகிவிடும். தவறவிட்ட நாணயத்தை எடுக்கத் திரும்ப இயலாது. மேலே நேரமும் குறைந்துகொண்டே இருக்கும். உலகெங்கும் சிறுவர் இதனைக் களிப்போடு ஆடினர். அவரும் களிப்போடே ஆடினார். எனினும் அந்த இடப்புறச் சுவரை அவர் பிறரைப்போல் நோக்கவில்லை. விட்டுவந்த வீட்டுக்கு ஏதேனும் எடுக்கத் திரும்பலாம் என எண்ணிப் புறப்பட்டு, பாதை பின்னால் மூடிக்கொண்டதைப் பலமுறை கண்ட மக்கள் கூட்டத்தில் வளர்ந்தவர் அவர்.

ஆதலின் அவர் மிக உயர்வாக வைப்பன, திரும்பிச் செல்ல விடும் ஆட்டங்கள். 1986இல் வெளிவந்த ‘மெற்றொயிட்’ ஆட்டத்தைத் தொடங்குவோர் மாரியோவிற் பழகிய பழக்கத்தால் வலப்புறமே செல்வர். சிறிது தூரத்தில் வழி அடைபடும். முன்னேறுதற்கு வேண்டிய முதற்கருவி தொடங்கிய இடத்துக்கு இடப்புறத்திலேயே உள்ளது. திரும்பி வந்தவனே முன்செல்ல முடியும். அதே ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ‘ஸெல்டா’வும் இவ்வகையினதே. கியோத்தோவை அடுத்த சொனொபே என்னும் ஊரில் மலையும் குகையுமாகச் சுற்றித் திரிந்த தம் இளமை அனுபவத்திலிருந்து அதன் கருவைப் பெற்றதாக அதனை ஆக்கிய சிகேரு மியாமோத்தோ கூறியுள்ளார். அதில் வரும் நிலம் ஆட்டக்காரர் போனபின்னும் அங்கேயே இருக்கின்றது. புதிய கருவியோடு பழைய இடத்துக்கு மீண்டால், முன்பு பாறையாக இருந்தது கதவாகத் திறக்கின்றது. மீள்குடியேற்றம் என்னும் சொல்லைப் படிவங்களில் மட்டும் கண்ட ஒருவர்க்கு இவ்வாட்டம் அச்சொல்லின் பொருளைக் காட்டியது எனின் மிகையாகாது.

போர் பற்றிய ஆட்டங்களை அவர் எவ்வாறு ஆடுகின்றார் என்பது பலரும் அவரிடம் கேட்கும் வினா. அவர் அவற்றை முற்றாக விலக்குவதில்லை; ஒவ்வொன்றையும் தனித்தனியே தீர்ப்பிடுகின்றார். கப்கொம் நிறுவனம் 1984இல் ஆக்கிய ‘1942’ என்னும் ஆட்டத்தில், ஜப்பானியர் ஆக்கியதாயினும், ஆட்டக்காரர் அமெரிக்க விமானத்தைச் செலுத்தி ஜப்பானிய விமானங்களைச் சுடவேண்டும். அது நன்கு ஆக்கப்பட்டது என ஒப்புக்கொள்ளும் அவர், தமக்கு அதில் மனஞ்செல்லவில்லை என்கின்றார். ஆட்டம் எல்லாவற்றையும் மேலிருந்து காட்டுகின்றது; கீழே பெரும்பாலும் கடல், வீடென்று எதுவுமில்லை. விமானத்தைப் பதுங்குகுழி வாயிலிலிருந்து நிமிர்ந்து பார்த்தவனுக்கு, படத்தில் விடப்பட்ட பகுதியே முதலிற் கண்ணுக்குத் தெரியும்.

நம்கோவின் ‘பற்றில் சிற்றி’ பற்றி அவர் கருத்து வேறு. 1985இல் வெளிவந்த அவ்வாட்டத்திற் செங்கற் சுவராற் சூழப்பட்ட தன் தளத்தை ஆட்டக்காரர் தாங்கி ஒன்றினாற் காக்கவேண்டும். எதிரியின் குண்டு மட்டுமன்றி அவர் தவறிச் சுடும் தன் குண்டும் அத்தளத்தை அழித்து ஆட்டத்தை முடித்துவிடும். இவ்விதி ஒன்றினாலேயே அதனைப் பல பெரிய போர் ஆட்டங்களினும் உண்மையானது என அவர் கருதுகின்றார். மேலும் அதில், போரிடாது, செங்கல்லும் நீரும் மரமும் கொண்டு களத்தைத் தானே அமைக்கும் ஒரு பகுதியுண்டு. போர்நிறுத்தக் காலத்து அந்த ஒரு மணித்தியாலத்திற் சிறுவர் பலர் தாங்கிகளை மறந்து, வீதியும் வீடும் குளமும் கட்டிக்கொண்டே நேரத்தை முடித்ததை அவர் அடிக்கடி எடுத்துச்சொல்வார்.

எல்லாவற்றுள்ளும் அவர் தலைவணங்குவது ‘மிசைல் கொமாண்ட்’ என்னும் ஆட்டத்துக்கு. டேவ் தோய்ரர் 1980இல் நாணயப் பொறிக்கென ஆக்கிய இது, 1981இல் அற்றாரி வீட்டுக் கருவிக்கும் வந்தது. வானிலிருந்து விழும் ஏவுகணைகளினின்றும் ஆறு நகரங்களைக் காத்தல் ஆட்டக்காரரின் வேலை. அவர் எவரையும் தாக்குவதில்லை, எந்நாட்டையும் வெல்வதில்லை. தாக்குதல் மேன்மேலும் மிகுந்து, இறுதியில் எந்நகரும் எஞ்சாது. மூலப் பொறியில், ஏனைய ஆட்டங்கள்போல் ஆட்டம் முடிந்தது என்று எழுதாது, ‘முடிவு’ என்ற பொருள்பட மட்டுமே திரையில் எழுதப்படும். அதனை ஆக்கிய காலத்தில் அணுகுண்டு வெடிப்புக் கனவுகள் தம்மை வருத்தியதாகத் தோய்ரர் பின்னர் கூறினார். வெல்ல முடியாத ஆட்டத்தை ஏன் ஆடவேண்டும் எனக் கேட்போர்க்கு, போரை வெல்ல முடியும் என்று சொல்லாத ஆட்டம் அது ஒன்றே என்பது கடைக்காரரின் விடை.

இனி, நினைவு பற்றிய செய்தி. 1987இல் அமெரிக்காவில் வெளியான ‘ஸெல்டா’ கசெற்றினுள் நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரி வைக்கப்பட்டிருந்தது. கருவியை நிறுத்திய பின்னும் ஆட்டக்காரரின் பெயரையும் அவர் சென்ற தூரத்தையும் அதுவே காத்துவந்தது. பற்றரி செத்தால் நினைவும் சாகும். தடைக் காலத்தில் வன்னிக்குட் கொண்டுவர அனுமதிக்கப்படாத பொருள்களுள் பற்றரியும் ஒன்றாக இருந்தது என்பதை இங்கு நினைத்தல் தகும். அந்நிலத்திற் பிறந்த ஒருவர்க்கு ஒரு பற்றரியின் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

2016இல் ரொறன்ரோ மச்சான் விடுமுறைக்கு வந்தபோது தம் பழைய கருவியையும் கசெற்றுக்களையும் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். 230 வோல்ற்று மின்னை 110ஆகக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றைத் தேடிப் பொருத்தி, ‘ஸெல்டா’வை இயக்கியபோது, முதற்றிரையில் மச்சானின் சிறுவயதுச் செல்லப்பெயர் ஆங்கில எழுத்துக்களில் நின்றது. கால் நூற்றாண்டாக அப்பற்றரி அதனைக் காத்திருந்தது. எனினும் அதன் ஆற்றல் முடியுந்தறுவாயில் இருந்தது; உடனே மாற்றவேண்டும், மாற்றினாற் பெயர் அழிந்துவிடும்.

“மச்சான், அதைக் கழற்றி எறி. அதிலை கிடக்கிறது என்ரை சின்ன வயசு விளையாட்டுத்தானே” என்றார் வந்தவர்.

“உனக்கு அது விளையாட்டு. என்னட்டைச் சின்ன வயசுப் படம் ஒண்டுகூட இல்லை, மச்சான்” என்றார் கடைக்காரர்.

புதிய பற்றரி ஒன்றைப் பழையதற்குச் சமாந்தரமாகக் கம்பியால் இணைத்து, மின்னழுத்தம் ஒரு கணமும் அறாதபடி காத்து, பழையதைச் சூட்டுக்கோலால் விடுவித்து, வேறொரு புதியதை அவ்விடத்தில் ஒட்டினார். வேலை முடிய அரை மணித்தியாலம் சென்றது. கசெற்றை மீண்டும் பொருத்தியபோது பெயர் அழியாதிருந்தது. பனிக்கால விடுமுறை பற்றி ஓயாது பேசும் மச்சான் அன்று மாலை முழுவதும் அதிகம் பேசவில்லை.

தனியொருவர் கடையில் நிகழ்ந்த இது, உலகளாவிய சிக்கல் ஒன்றின் சிறு வடிவமாகும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ விளையாட்டுக்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என, அங்குள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அமைப்பொன்று 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. விற்பனையில் இல்லாத ஆட்டத்தைக் காக்கும் வழி யாது? நகலெடுத்தலே என்பார் ஆட்டக்காரர். அவர் முதன்முதல் ஆடியதே ஒரு நகற் கருவிதான். அதன் கசெற்றில் 9999 ஆட்டங்கள் உள்ளதாக எழுதியிருந்தது. உண்மையில் ஒருசில ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வந்தன. அது பொய், எனினும் மூலத்தை வாங்க வழியற்றோர்க்கு அப்பொய்யே வாயிலாயிற்று. விற்பனையிலுள்ளதை நகலெடுத்தல் களவு, கைவிடப்பட்டதை நகலெடுத்தல் காவல் என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. சட்டம் இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை என்பதையும் அவர் அறிவார்.

தமிழியல் மாணவர்க்கு இவ்வாதம் அயலானதன்று. சங்கப் பாடல்கள் எஞ்சியமைக்குக் காரணம் மூல ஏடு நிலைத்தமையன்று. ஏடு செல்லரிக்குமுன் எவரோ ஒருவர் அதனைப் பிறிதோர் ஏட்டில் எழுதிவைத்தமையே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோது செய்ததும் அழிவுக்கு முந்திக்கொள்ளும் அதே வேலைதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதிருந்தவை மட்டுமே மீளாது போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் அடிப்படை எண்ணமும் இதுவே. கலித்தொகையையும் ‘ஸெல்டா’வையும் ஒரே தட்டில் வைப்பது அவர் கருத்தன்று. காக்கத்தக்கது எது என்பதை அழிந்தபின் தீர்மானிக்க முடியாது என்பதே அவர் கூறுவது.

கேம் பாய் கருவி ஒன்றின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. வளைகுடாப் போரின்போது உறை உருகிக் கருகிய ஒரு கருவி நியூயோர்க்கிலுள்ள நின்ரென்டோ கடையிற் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் திரையில் ‘ரெற்றிஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்போர் பெரும்பாலும் அதன் உறுதியையே வியந்தனர். அதன் படத்தைக் கண்ட கடைக்காரரோ, அதனைக் கையில் வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று முதலிற் கேட்டார். அவர் உயிரோடிருந்தே கருவியை அனுப்பினார் என அறிந்த பின்னரே கருவியைப் பற்றிப் பேசினார்.

பழைய வீடியோ விளையாட்டுக்கள் குறித்து வன்னியிலிருந்து எழும் மதிப்பீடு இவ்வாறாக அமைகின்றது. அவை பழையன என்பதனால் அன்றி, குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த ஓர் உலகை நேர்மையாக ஆக்கிய இடங்களில் மட்டுமே செவ்வியல் ஆகின்றன. எல்லையை விரும்பி ஏற்ற கலைஞனைப் போற்றலாம். எல்லையை விதிக்கப்பெற்ற மக்களின் துன்பத்தை அப்புகழ்ச்சியால் மூடலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சிற் கொள்ள வல்லவரே இக்கலைக்கு நல்ல திறனாய்வாளராவர். அத்தகைய திறனாய்வாளர் ஒருவர் கிளிநொச்சியில் உடைந்த கைத்தொலைபேசிகளுக்கிடையே, கையிற் சூட்டுக்கோலோடு அமர்ந்திருக்கின்றார். அவரைப் போன்றோரின் கருத்துக்களும் பதிவாகும் நாளிலேயே இக்கலையின் வரலாறு முழுமை பெறும்.